கித்துல்கலைப் பாலமும் டேவிட் லீனும்

ஹற்றனிலிருந்து கொழும்பை நோக்கிச் செல்லும் பெருவழி கினிகத்தேனையைக் கடந்து, மலைச்சரிவில் வளைந்து வளைந்து இறங்கி, களனி கங்கையின் அருகை அடையுமிடத்தில் கித்துல்கலை என்னும் சிற்றூர் இருக்கின்றது. தேயிலையின் பசுமை மெல்ல மெல்லப் பின்தங்கிவிட, இறப்பரும் காட்டு மரமும் முன்வந்து நம்மை எதிர்கொள்ளும் எல்லை அது. மழைக்குப் பெயர்பெற்ற ஊர். பெருவழியை விட்டு ஆற்றை நோக்கி இறங்கும் பாதையிலே நடந்தால், நீரோரத்துப் பாறைகளுக்கிடையில் சீமெந்தினால் அமைந்த சில அடித்தளங்களைக் காணலாம். அறியாதார் அவற்றை ஏதோ பழங்கட்டிடத்தின் எச்சமென்றே கொள்வர். 1957ஆம் ஆண்டிலே அவ்விடத்தில் ஒரு பெரும் மரப்பாலம் நின்றது. ஒரு புகையிரதம் அதன்மீது ஏறிற்று. ஒரு கணத்தில் இரண்டும் ஆற்றில் வீழ்ந்தன. அவ்வொரு கணத்தைக் காண்பதற்காக உலகெங்கும் மக்கள் படமாளிகைகளிலே மூச்சடக்கி இருந்தனர்.

அப்பாலத்தைக் கட்டுவித்தவர், கட்டுவித்து உடைப்பித்தவர், டேவிட் லீன் என்னும் ஆங்கிலேயத் திரைப்பட நெறியாளர். தமிழ் இலக்கணமும் கம்பனும் கற்பித்து வயிறு வளர்க்கும் எனக்கும் அவருக்கும் என்ன தொடர்பு என்று அன்பர் சிலர் வினவக்கூடும். தொடர்பை உண்டாக்கியவள் என் மாணவி ஒருத்தி.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மண்டபத்தில், உயர்தர வகுப்பு மாணவர்க்குக் குவாய் நதிப் பாலம் என்ற அப்படத்தைக் காட்டினோம். நமது மலையடிவாரத்தில் எடுக்கப்பெற்ற உலகப் புகழ்ப் படம் என்று நானே பெருமையோடு முன்னுரை கூறினேன். படம் முடிந்ததும் தோட்டத்துப் பிள்ளை ஒருத்தி எழுந்து, சயாமின் அந்தப் புகையிரதப் பாதையை வெள்ளைக்காரர் மட்டுமா போட்டார்கள் என்று கேட்டாள். நான் விடை கூறாது நின்றேன். தெரியாமல் நின்றேனல்லேன், தெரிந்தும் நாணி நின்றேன். என் பாட்டியின் தம்பி திருச்சிராப்பள்ளிப் பக்கத்துச் சிற்றூரிலிருந்து மலாயாவின் இறப்பர்த் தோட்டமொன்றிற்குப் போனவர். பாட்டி கண்டிச் சீமைக்கு வந்தாள்; தம்பி கப்பலேறிக் கிழக்கே சென்றார். யுத்த காலத்தில் ஜப்பானியர் அவரைச் சயாமுக்குக் கொண்டுபோயினர் என்றும், திரும்பி வரவில்லையென்றும் பின்னொருநாள் ஒரு கடிதம் வந்ததாம். இக்கதையைக் கேட்டே வளர்ந்த நான் அப்படத்தை நாலைந்து முறை பார்த்திருந்தேன். ஒருமுறையேனும் அவரை நினைத்தேனில்லை. அத்தகைய மயக்கத்தை விளைவிக்க வல்ல கலைஞன் எத்தகையவன் என்று அறியும் அவா அன்றே எழுந்தது.

லீன் 1908ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் நாள், இலண்டனுக்குத் தெற்கேயுள்ள குரொய்டன் என்னும் ஊரிற் பிறந்தார். பெற்றோர் குவேக்கர் என்னும் எளிமை நெறியினர். சினிமா ஆகாது என்பது அவ்வீட்டுக் கட்டளை. தந்தை கணக்காளர். டேவிட்டோ படிப்பில் மந்தம். ஆசிரியர்கள் கைவிட்ட பிள்ளை. தம்பி எட்வேட் தங்கை லீன்தான் வீட்டின் நம்பிக்கை. அவர் ஒக்ஸ்போட் பல்கலைக்கழகம் சென்று, மாணவராயிருந்தபோதே ஓர் இலக்கிய வட்டத்தை நிறுவினார். அதற்கு அவர் இட்ட இங்கிளிங்ஸ் என்ற பெயரையே பின்னர் தொல்கின், லூயிஸ் முதலானோர் தங்கள் புகழ்பெற்ற வட்டத்துக்குச் சூட்டிக்கொண்டனர். அண்ணனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பும் எண்ணம் எவர்க்கும் உண்டாகவில்லை. ஆயின், சிறுவயதில் சிற்றப்பன் முறையான ஒருவர் கொடுத்த மலிவான பெட்டிக் கமெரா ஒன்று அவர் கையில் இருந்தது. படிப்பிலே தோற்ற பிள்ளை அப்பெட்டியினுள்ளே தன் உலகத்தைக் கண்டுகொண்டான். அவர் பதினைந்து வயது அளவில் இருந்தபோது தந்தை குடும்பத்தை விட்டு நீங்கினார். அந்தப் புண் ஆறியதாகத் தெரியவில்லை. தாமும் பிற்காலத்தில் முதல் மனைவியையும் ஒரே மகனையும் அவ்வாறே விட்டு நீங்கியவர் அவர். ஆறுமுறை மணம் புரிந்தார். இதைப்பற்றி அதிகம் எழுத நான் விரும்பவில்லை, மறைத்தலும் முறையன்று.

தந்தையின் கணக்கு அலுவலகத்திலே சில காலம் எண்களோடு மல்லாடி அலுத்தபின், 1927இல் கோமொண்ட் படக்கலையகத்தின் வாயிலிலே போய் நின்றார். ஒரு மாதம் சம்பளமின்றி வைத்துப்பார்க்க இசைந்தனர். அங்கே அவருக்குக் கிடைத்த முதல் வேலை தேநீர் கொண்டுபோய்க் கொடுத்தல். மலைநாட்டு வாசகர் இதைச் சிறிது சுவைத்துப் படிக்கலாம்.

தேநீர்ப் பையன் படிப்படியாக உயர்ந்து, படச்சுருளை வெட்டி ஒட்டும் தொகுப்பறைக்குள் நுழைந்தார். 1930 அளவில் செய்திப்படங்களின் தொகுப்பாளராகிவிட்டார். பேசும்படம் அப்பொழுதுதான் பிறந்திருந்தது. ஒலியையும் உருவத்தையும் இணைக்கத் தெரிந்தவர் அரியர். பெர்னாட் ஷாவின் பிக்மேலியன் 1938இல் படமானபோது அதனைத் தொகுத்தவர் இவரே. ஆங்கில நாட்டின் தலைசிறந்த தொகுப்பாளர் என்ற பெயர் முப்பது வயதிலேயே வந்துவிட்டது. குறைந்த செலவிற் படம் நெறியாளும் வாய்ப்புகள் வந்தபோது அவற்றை மறுத்து, தக்கதொன்று வரும்வரை காத்திருந்தார் என்பர். தொகுப்பறையின் கல்வியை இறுதிவரை அவர் மறந்தாரில்லை. எச்சொல்லுக்குப்பின் எச்சொல் வரின் பொருள் பெருகும் என்று செய்யுளிற் புலவன் தேர்வதைப்போல, எக்காட்சிக்குப்பின் எக்காட்சி வரின் நெஞ்சு அசையும் என்று தேர்ந்தவர் அவர். யாப்பறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். சீர் நல்லதாயிருந்தாற் போதாது. தளையும் வாய்க்க வேண்டும்.

யுத்த காலத்தில் நாடகாசிரியர் நோயெல் கவட், கடற்படை பற்றிய படமொன்றை எடுக்க முனைந்தபோது லீனைத் துணைக்கழைத்தார். 1942இல் வெளிவந்த அப்படத்தில் இருவர் பெயரும் நெறியாளராக நின்றன. அதன்பின் கவட்டின் எழுத்தைக்கொண்டே மூன்று படங்கள் செய்தார். அவற்றுள் 1945ஆம் ஆண்டின் பிரீஃப் என்கௌண்டர் என்னும் படத்தை இலக்கிய மாணவர் எவரும் காணாதிருத்தல் கூடாது. சுருக்கமான சந்திப்பு என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். கணவனும் பிள்ளைகளும் உள்ள ஒருத்தி, புகையிரத நிலையத்தில் ஒரு மருத்துவரைச் சந்திக்கிறாள். அவரும் மணமானவர். அன்பு அரும்புகிறது, இருவரும் அஞ்சுகின்றனர், பிரிகின்றனர். கதை இவ்வளவே.

கற்பியல் கற்பிக்கும் நான் முதலில் முகஞ்சுளித்தேன் என்பதை ஒளிக்கவில்லை. பெருந்திணைக்குள்ளும் அடக்கத் தயங்கும் பொருள் அன்றோ? ஆனாற் படத்தின் உயிர் காதலில் இல்லை, நாணில் இருக்கின்றது. சொல்லாத சொல், தொடாத கை, வாயாடித் தோழியொருத்தி இடையே வந்து அமர்ந்துவிடுதலால் கூறப்பெறாமலே போகும் இறுதி விடை என இவற்றையே வைத்துப் படம் நடக்கின்றது. யுத்த கால இருட்டடைப்புக் காரணமாக இலண்டனுக்கு வெகுதூரம் வடக்கே கார்ன்போத் என்ற நிலையத்தில், இரவிலே அதனைப் படமாக்கினர். நீராவிப் புகையும், விளக்கொளியும், தேநீர்க் கடையும், தூரத்திற் கேட்கும் புகையிரத ஊதலும் அதில் வருவனவற்றை, பனிமூடிய மார்கழி இரவில் ஹற்றன் நிலைய மேடையிற் காத்து நின்றவர் எவரும் தம்முடையனவென்றே கருதுவர்.

அடுத்து டிக்கன்சின் நாவல்கள் இரண்டு அவர் கைக்கு வந்தன. 1946இல் வந்த கிரேட் எக்ஸ்பெக்டேசன்ஸ் தொடங்கும் இடுகாட்டுக் காட்சியை ஒரு பாடமாகவே வைக்கலாம். காற்றும் வளைந்த மரமும் சிறுவனின் அச்சமும் ஒன்றாகி நம்மை இழுத்துச் செல்ல, எதிர்பாராத திசையிலிருந்து கைதி எதிரே வந்து நிற்கிறான். அலெக் கின்னஸ் என்ற நடிகர் முதன்முதலாகப் பேர்சொல்லும் பாத்திரம் ஏற்றதும் அப்படத்திலேதான். 1948இல் வெளிவந்த ஒலிவர் டுவிஸ்ட் படத்தில் அதே கின்னஸ் பேகின் என்னும் யூதக் கிழவனாக, பெருமூக்கு ஒட்டிக்கொண்டு வந்தார். இட்லரின் கொலைக்களங்கள் மூடி மூன்றாண்டே ஆகியிருந்த காலம். யூத மக்கள் நொந்தனர். பேர்லினில் கலகம் எழுந்தது. அமெரிக்காவிலே 1951வரை அப்படம் திரையேறவில்லை. ஏறியபோதும் வெட்டுண்டே ஏறிற்று. நாவலின் பழைய சித்திரங்களைப் பின்பற்றினோம் என்ற சமாதானம் போதாது என்பதே என் கருத்து. ஓர் இனத்தின் பச்சைப் புண்ணைக் காணாதவாறு அழகு கண்ணை மறைத்துவிட்டது. இதனை வாசகர் நினைவில் வைத்துக்கொள்க. வேறு வடிவில் இது மீண்டும் வரும்.

இடையே வந்த படங்களைப்பற்றி விரிக்க வேண்டுவதில்லை. 1955இல் வெளிவந்த சம்மர்டைம் படத்தை வெனிஸ் நகரத்திலே எடுத்தபோது, கலையகத்துச் சுவர்களை விட்டு வெளிநிலத்திற் படமாக்கும் சுவை அவரைப் பற்றிக்கொண்டது. அதன்பின் அவர் இங்கிலாந்துக்குள் அடங்கவில்லை.

பியேர் பூல் என்ற பிரெஞ்சுக்காரர் யுத்தத்துக்கு முன் மலாயாவின் இறப்பர்த் தோட்டங்களிற் பொறியியலாளராக இருந்தவர். அவர் 1952இல் எழுதிய நாவலே குவாய் நதிப் பாலத்தின் மூலம். தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல் படமெடுக்க முன்வந்தார். சயாமின் உண்மையான இடம் காட்சிக்கு ஏற்றதாயில்லை. தேடியலைந்து களனி கங்கையின் இக்குடாவைக் கண்டு இதுவே தக்கதென்று தேர்ந்தனர். காட்டு மரங்களை வெட்டி, யானைகளைக்கொண்டு இழுப்பித்து, நானூறு அடிக்கு மேற்பட்ட பாலமொன்றைப் பல மாதங்களாகக் கட்டினர். மருத்துவமனைக் காட்சி கல்கிசை ஹோட்டலிலும், படைத் தலைமையகக் காட்சி பேராதனைப் பூங்காவிலும் எடுக்கப்பெற்றன. வெள்ளையர் போதாமையால் நம் நாட்டாரே முகப்பூச்சுப் பூசிக்கொண்டு கைதிகளாய் நின்றனர் என்ற செய்தி இன்றும் இப்பக்கத்திற் சொல்லப்படுகின்றது.

வேலை இனிது நடந்ததென்று கூற முடியாது. வெப்பமும் மழையும் வருத்தின. உதவி நெறியாளர் ஒருவர் வழியிற் கார் விபத்தில் மாண்டார். லீனையே ஆறு ஒருமுறை இழுத்துச் சென்றது. இளநடிகர் ஜெப்ரி ஹோர்ன் பாய்ந்து மீட்டிராவிடின் இக்கட்டுரைக்கு இடமிராது. கேணல் நிக்கல்சன் பாத்திரத்தில் சிறிது நகை வேண்டுமென்றார் கின்னஸ், வேண்டாமென்றார் லீன். இருவரும் முகம் திருப்பிக்கொண்டே பணிசெய்தனர். ஆயினும் அந்தப் பகையிலிருந்து பிறந்த பாத்திரம் எத்தகையது!

நிக்கல்சன், ஜப்பானியரிடம் சிறைப்பட்ட பிரித்தானியப் படைத் தலைவன். அதிகாரிகள் கூலிவேலை செய்தல் விதிக்கு மாறு என்று கூறி, கொடிய தண்டனையைத் தாங்கி, பகைவனை வெல்கிறான். வென்றபின் தன் வீரர்களின் மானத்தைக் காக்க நல்ல பாலமொன்றைக் கட்டித் தருகிறான். யாருக்கு? பகைவனுக்கு. கடமையிற் சிறிதும் வழுவாமலே நாட்டுக்குத் துரோகியாகிறான். இதனைக் காணுந்தோறும் எனக்குக் கும்பகருணன் நினைவே வரும். அவன் தன் பக்கம் பிழை என்று தெளிந்தவன். தெளிந்தும் செஞ்சோற்றுக் கடனுக்காகச் செருக்களம் புக்கவன். நிக்கல்சனுக்கோ அத்தெளிவு கடைசிக் கணத்தில், ஆற்று நீர் வடிந்து வெடிமருந்தின் கம்பி வெளிப்படும்போதுதான் வருகின்றது. அறிந்து வீழ்தலும் அறியாது வீழ்தலுமாகிய இவ்விரண்டில் எது பெருந்துயர் என்று மாணவரைக் கேட்டு எழுதச் செய்திருக்கிறேன். சேதுபந்தனப் படலத்துக் குரங்குகள் கட்டிய அணையை அவர்களிற் சிலர் துணைக்கழைத்தனர். அங்கே கட்டுவோர்க்கு யாருக்காகக் கட்டுகிறோம் என்பதில் மயக்கமில்லை. நிக்கல்சனுக்கு அதுவே நோய்.

1957 மார்ச் 10ஆம் நாள் பாலம் உடைக்கப்படவிருந்தது. படப்பிடிப்பாளர் ஒருவர் பாதுகாப்பான இடத்துக்குப் போய்ச்சேராமையால், லீன் வெடியை நிறுத்தினார். ஆளில்லாத புகையிரதம் பாலத்தைக் கடந்து அப்பால் மோதிக்கொண்டது. அதனைச் செப்பனிட்டு மறுநாட் காலை மீண்டும் ஓடவிட்டனர். பிரதமர் எஸ்.டபிள்யு.ஆர்.டி. பண்டாரநாயக்கா பரிவாரத்துடன் வந்திருந்தார். பாலம் வெடித்தது. ஒன்று கூறவேண்டும்: 1948, 1949ஆம் ஆண்டுகளின் சட்டங்களால் மலைத் தோட்டத் தமிழரிற் பெரும்பாலார் குடியுரிமையும் வாக்கும் இழந்து நின்ற காலம் அது. நாட்டின் தலைவர் வந்து கண்ட காட்சிக்குச் சற்று மேலே, மலைமீது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோர் அந்நாட்டவராக எண்ணப்படவில்லை.

படம் ஏழு ஒஸ்கார் பரிசுகளைப் பெற்றது. லீனுக்கும் கின்னஸுக்கும் ஒவ்வொன்று கிடைத்தது. திரைக்கதைக்கான பரிசு பூலின் பெயருக்குச் சென்றது. உண்மையில் அதனை எழுதிய கார்ல் போர்மன், மைக்கல் வில்சன் ஆகிய இருவரும் பொதுவுடைமையர் என்ற ஐயத்தால் அமெரிக்கத் திரையுலகில் விலக்கப்பட்டிருந்தனர். அவர்களுக்குரிய மதிப்பு 1984இலேதான், இருவரும் இறந்தபின், வழங்கப்பெற்றது.

இனி அம்மாணவியின் வினா. சயாமிலிருந்து பர்மாவுக்குச் சென்ற அப்பாதை 415 கிலோமீற்றர் நீளமுடையது. 1942இல் தொடங்கி 1943 ஒக்டோபரில் முடித்தனர். நேசநாட்டுக் கைதிகள் அறுபதினாயிரம் பேரளவில் உழைத்து, பன்னீராயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அவர்களோடு ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம்பேர் அங்கே இருந்தனர். பர்மியர், சாவகர், மலாயர், சீனர், மலாயாத் தோட்டங்களிலிருந்து பிடித்தும் ஏமாற்றியும் கொண்டுசெல்லப்பட்ட பல்லாயிரந் தமிழர் என்போர் அவர்கள். அவர்களில் இறந்தோர் தொண்ணூறாயிரம்வரை இருக்கலாமென்று மதிப்பிடுவர். வாந்திபேதியும் பட்டினியும் கொன்றன. கைதிகளுக்கு மருத்துவரும் படையொழுங்கும் இருந்தன; இறந்தாரின் பெயரை எழுதிவைத்தனர். நம்மவர்க்கு எழுதுவார் இல்லை. மலேசிய எழுத்தாளர் ஆர். சண்முகம் சயாம் மரண ரயில் என்ற நாவலை எழுதியே அத்துயரைத் தமிழில் நிலைநிறுத்த வேண்டியிருந்தது.

லீனின் படத்தில் அவர்களில் ஒருவரும் இல்லர். இது நெறியாளரின் வன்மம் என்று நான் கூறமாட்டேன். அவர் சொல்ல எடுத்த கதை வேறு. ஆங்கில அதிகாரியின் செருக்கையும் வீழ்ச்சியையும் சொல்ல வந்தவர், வரலாறு எழுத வந்தவரல்லர். உண்மையிலே அங்கிருந்த பிரித்தானிய அதிகாரி கேணல் டூசி பகைவர்க்குத் துணைபோனவரல்லர் என்று அவர்தம் வீரர்களும் மனம்நொந்தனர். ஆயினும் ஆற்றல்மிக்க கலைஞன் ஒருவன் ஒரு பொருளைக் காட்டும்போது, அவன் காட்டாதது இல்லாததாகவே ஆகிவிடுகின்றது. 1934இல் பசில் ரைட் என்பார் இலங்கைத் தேயிலைப் பிரசார சபைக்காக எடுத்த இலங்கையின் பாடல் என்ற அழகிய விவரணப் படத்திலும், தேயிலைக்குப் பின்னுள்ள மக்களின் வாழ்வைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

குவாய்க்குப்பின் லீன் காந்தியடிகளைப் படமாக்க விரும்பி இந்தியாவெங்கும் அலைந்தார். கின்னஸையே காந்தியாக்க நினைத்தார் என்பதைக் கேட்டு நகைப்பதா திகைப்பதா என்று தெரியவில்லை. அம்முயற்சியைக் கைவிட்டு, 1962இல் அரேபியாவின் லோரன்ஸ் படத்தைத் தந்தார். லோரன்ஸ் எரியும் தீக்குச்சியை ஊதி அணைக்கிறான். அடுத்த கணம் திரை முழுவதும் பாலைவனத்துச் செஞ்ஞாயிறு எழுகின்றது. தொகுப்பறைத் தேநீர்ப் பையன் கற்றதெல்லாம் அவ்வோர் இணைப்பில் இருக்கின்றது. பாலைத்திணை படித்த நமக்கு மணலும் வெயிலும் புதியனவல்ல. ஆயினும் தூரத்துக் கானலினின்று ஒரு கரும்புள்ளி மெல்ல மெல்ல ஒட்டக வீரனாக வளரும் காட்சியைக் கண்டபின் நான் பாலைப் பாட்டுகளை வேறுவிதமாகக் கற்பிக்கிறேன். அப்படமும் ஏழு ஒஸ்கார்களைப் பெற்றது. 1960இல் ஐதராபாத்தைச் சேர்ந்த லீலா மட்கரை மணந்திருந்தார். அம்மணமும் 1978இல் முறிந்தது.

1965இல் டொக்டர் சிவாகோ பெரும்பொருள் ஈட்டிற்று. அயர்லாந்தில் எடுத்து 1970இல் வெளியிட்ட ரயனின் மகள் படத்தை விமரிசகர் கிழித்தெறிந்தனர். நியூயோர்க்கில் அவர்கள் கூட்டத்துக்கு அழைக்கப்பட்டு, முகத்துக்கெதிரே கேட்ட கடுஞ்சொல் அவரை உடைத்துவிட்டது. பதினான்கு ஆண்டுகள் ஒரு திரைப்படத்தையும் அவர் வெளியிடவில்லை. திறனாய்வு எழுதும் இளையோர் இதனைச் சற்று நின்று எண்ணுதல் நன்று. அவர்கள் கூறியது முற்றும் பிழையன்று. கூறிய முறையிலே அருளில்லை.

மீண்டும் அவரை எழுப்பியது இந்தியா. ஈ. எம். போர்ஸ்டரின் இந்தியாவுக்கு ஒரு பயணம் நாவலை 1984இல் படமாக்கினார். மலைக்குகைக் காட்சிகளைப் பெங்களூருக்கு அண்மையிலுள்ள பெரும்பாறைகளிலும், புகையிரதக் காட்சிகளை நீலகிரி மலைப்பாதையிலும் எடுத்தார். பெகி ஆஷ்குரொப்ட் என்ற மூதாட்டிக்கு அதில் நடித்தமைக்காக ஒஸ்கார் கிடைத்தது. கின்னஸை மட்டும் பிராமணப் பேராசிரியராக வேடமிடச் செய்தது, எழுபத்தாறு வயதிலும் லீனை விடாத பழைய பிழை. அவ்வாண்டே சேர் பட்டம் பெற்றார்.

இறுதியாக ஜோசப் கொன்ராட்டின் நொஸ்ட்ரொமோ நாவலைப் படமாக்க ஆண்டுக்கணக்காக ஆயத்தம் செய்து, தொடங்கும் தறுவாயில் நோயுற்று, 1991 ஏப்ரல் 16ஆம் நாள் இலண்டனிற் காலமானார். நெறியாண்ட படங்கள் பதினாறு.

படங்காட்டிய அடுத்த மாதம், அவ்வகுப்பு மாணவரைக் கித்துல்கலைக்கு அழைத்துச் சென்றேன். ஆற்றங்கரையில் நின்று, லீனைப்பற்றி இங்கே எழுதியவற்றிற் பெரும்பாலானவற்றைக் கூறினேன். பின்னர் பாட்டியின் தம்பியைப்பற்றியும் கூறினேன். அவர் பெயர் என்ன என்று அம்மாணவி கேட்டாள். சொன்னேன். தன் கொப்பியில் அதை எழுதிக்கொண்டாள். அதற்குள் மழை பிடித்துவிட்டது. ஹற்றன் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எல்லாரும் மேலேறினோம்.